எம்சிபி விழாத பழுது: ஒரு கீசர் லைனில் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டியது

பின்னணி

நீலகிரி மலையில் ஒரு சிறு ஊர். ஐந்து பேர் வசிக்கும் வீடு, அவர்களில் ஒருவர் மூட்டுவலி உள்ள முதியவர். வீட்டின் முன்பகுதி பழையது. சமையலறையும் அதற்குப் பின்னால் குளியலறையும் பிற்பாடு சேர்த்துக் கட்டியவை. குளியலறையில் 25 லிட்டர் கீசர். பெயர்த் தகட்டில் 230 வோல்ட், 2000 வாட் என்று இருந்தது.

குளியலறைக்கு முதலில் ஒரு விளக்குக்காக மட்டுமே லைன் இழுத்திருக்கிறார்கள். மெயின் போர்டிலிருந்து சீலிங் பைப் வழியாக 30 மீட்டர், 1 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர். பிறகு கீசர் வாங்கியபோது சுவர்ப் பெட்டியை 16 ஆம்பியர் சாக்கெட்டாக மாற்றினார்கள், போர்டில் 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச்) போட்டார்கள். வயரை மாற்றவில்லை. வெளியே இருப்பதெல்லாம் 16 ஆம்பியருக்கு உரியது, சுவருக்குள் இருப்பது மட்டும் விளக்கு வயர். இந்த அமைப்பை மின்வேலை செய்யும் நாங்கள் நிறைய வீடுகளில் பார்க்கிறோம். அந்த எம்சிபி அந்த வயருக்குக் காவல் அல்ல என்பது அங்கேயே முடிவான விஷயம்.

டிசம்பரில் எங்களை அழைத்தார்கள். வீட்டம்மா சொன்னது இரண்டு விஷயம். "சுடுதண்ணி ஆக முக்கால் மணி நேரம் ஆகுதுங்க. முன்னாடி இப்படி இல்லை." இரண்டாவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: கீசர் ஓடும்போது சமையலறைப் பக்கம் எப்போதாவது பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது.

எங்களுக்கு முன்னால் சொல்லப்பட்டவை

ஏற்கெனவே மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருந்தார்கள். ஒருவர் தண்ணீரைச் சூடாக்கும் காயில் வீக் ஆகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் மல்டிமீட்டரை சாக்கெட்டில் வைத்து 226 வோல்ட் வருவதைக் காட்டி, "லைன் நல்லா இருக்கு, வேணும்னா ஸ்டெபிலைசர் போடுங்க" என்றார். கடையில், 2000 வாட் மலைக்குப் போதாது, 3000 வாட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்காரர் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்து புது 3000 வாட் கீசரை வாங்கியும் வைத்துவிட்டார். பெட்டி பிரிக்கப்படாமல் கூடத்தில் இருந்தது. அதை மாட்டுவதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

இந்த மூவரும் ஆளை ஏமாற்றப் பார்த்தவர்கள் அல்ல. மூன்றுமே கேட்டவுடன் நியாயமாகப் படும் யோசனைகள்தான். ஆனால் கீசர் ஓடும்போது அது எத்தனை ஆம்பியர் எடுக்கிறது, அந்த நேரத்தில் அதன் முனைகளில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. கருகல் வாசனை இருந்ததால், அதைப் பார்க்காமல் புதுக் கீசரை மாட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

அளவீடு

குறை காலையில்தான் தெரிகிறது என்பதால் மறுநாள் காலை ஆறரைக்குப் போனோம். அந்த நேரத்தில் தெரு முழுக்க கீசர் ஓடும். நடுப்பகலில் எடுக்கும் அளவு இந்தக் கேள்விக்கு உதவாது.

முதலில், அளக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய எண்கள். மின்திறன் என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கியது. மின்தடை என்பது மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தது. இரண்டையும் சேர்த்தால், மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். நல்ல 2000 வாட் காயில் என்றால் இதையொட்டித்தான் இருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்க வேண்டும்.

கீசரை ஓட்டி, மூடியைத் திறந்து, அதன் முனைகளிலேயே மின்னழுத்தத்தையும் கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டத்தையும் எடுத்தோம். (சப்ளை இருக்கும்போது செய்யும் வேலை இது. பயிற்சியும் சரியான மீட்டரும் இல்லாதவர்கள் இதில் கை வைக்கக் கூடாது.)

கீசர் ஓடாதபோது மெயின் போர்டில் 226 வோல்ட். ஓடும்போது போர்டில் 223. கீசர் முனையில் 206. மின்னோட்டம் 7.8 ஆம்பியர்.

206 ÷ 7.8 = 26.4 ஓம். சப்ளையைத் துண்டித்து, வயரைக் கழற்றி, ஓம் நிலையில் காயிலை அளந்தபோதும் 26.3 வந்தது. காயிலில் எந்தக் கோளாறும் இல்லை. ‘வீக்’ ஆகியிருந்தால் இந்த எண் ஏறியிருக்கும். இன்சுலேஷனையும் 500 வோல்ட் மெக்கர் என்ற கருவியில் சோதித்தோம், அதுவும் சரியாக இருந்தது. முதல் யோசனை இதோடு விலகியது.

206 × 7.8 = 1607 வாட். 2000 வாட் கீசருக்குக் கிடைப்பது 1607 மட்டும். மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்ததற்கு மின்திறன் இருபது சதவீதம் குறைந்திருக்கிறது. மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் கூடவே குறைவதால் அடி இரண்டு மடங்கு விழுகிறது.

இங்கே தெருவிலிருந்து வரும் சப்ளையைக் குறை சொல்ல இடமில்லை. விதிப்படி 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 216 வரை இறங்கலாம். போர்டில் 223 இருந்தது. போர்டுக்கு வந்து சேர்ந்த 223, கீசரை அடைவதற்குள் 206 ஆகிறது. 17 வோல்ட் வீட்டுக்குள்ளேயே தொலைகிறது.

17 ÷ 7.8 = 2.18 ஓம். போய்வரும் 60 மீட்டர் 1 ஸ்கொயர் செம்பு வயருக்கு ஒரு ஓமுக்குச் சற்று மேல்தான் இருக்க வேண்டும். மீதி ஒரு ஓமுக்குக் கணக்கில்லை.

சரிபார்க்க இன்னொரு வழியையும் பயன்படுத்தினோம். மின்வாரிய மீட்டரில் யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் ஓட்டி, சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினோம். 93. அறுபதால் பெருக்கி 3200ஆல் வகுத்தால் 1.74 கிலோவாட். போர்டில் 223 × 7.8 = 1739 வாட். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. வீடு காசு கொடுப்பது 1739 வாட்டுக்கு, தண்ணீருக்குள் போவது 1607. நடுவில் 132 வாட் வெறும் சூடாக சுவருக்குள் இறங்குகிறது.

கூட வந்த பயிற்சி மாணவர் இதே சோதனையை அரை எச்பி தண்ணீர் மோட்டாரிலும் செய்து பார்த்தார். 223 வோல்ட், 3.4 ஆம்பியர், பெருக்கினால் 758. மீட்டர் துடிப்போ 29, அதாவது 544 வாட். "கணக்கு தப்பா வருதே சார்" என்றார். தப்பில்லை. மோட்டாரில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. பவர் பேக்டர், அதாவது உண்மையான வாட்டுக்கும் இந்தப் பெருக்கலுக்கும் உள்ள விகிதம், அங்கே 0.72. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியதும் வாட் என்று எழுதிவிடலாம் என்பது கீசர், இஸ்திரிப் பெட்டி, இழை பல்பு மாதிரியான வெறும் தடைச் சுமைக்குத்தான்.

17 வோல்ட் போன இடம்

ஒரு நீளமான சோதனை வயரை மெயின் போர்டின் நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பும் வயர்) பட்டையில் மாட்டி குளியலறை வரை தரையோடு இழுத்தோம். கீசரை ஓட்டியபடியே, போர்டு நியூட்ரலுக்கும் கீசர் நியூட்ரலுக்கும் இடையே மின்னழுத்தம் எடுத்தோம். 9.9 வோல்ட். பேஸ் (மின்சாரம் வரும் வயர்) பக்கமும் இதே முறையில் 7.1. கூட்டினால் 17. எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்பது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமும் 30 மீட்டர் வயரில் 4.2 வோல்ட் போவது அந்த வயருக்கு இயல்பு. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தேடினோம்.

பேஸ் பக்கம் மிச்சம் 2.9. அதில் 2.5 வோல்ட் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கும் பிளக் முள்ளுக்கும் இடையில் இருந்தது. 2.5 × 7.8, கிட்டத்தட்ட 20 வாட். பிளக்கைக் கழற்றியபோது ஒரு முள் பழுப்பேறி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. மீதி 0.4 சுவிட்சில்.

நியூட்ரல் பக்கம் மிச்சம் 5.7. பிளக்கில் 0.3. அப்படியானால் வழியில் எங்கோ 5.4 வோல்ட் போகிறது. சமையலறைக்கு மேலே, இந்த லைனின் வயர்களை இணைத்திருந்த ஜங்ஷன் பெட்டியின் இரு பக்கமும் சோதனை வயரை வைத்தபோது அந்த 5.4 முழுவதும் அங்கேயே கிடைத்தது. 5.4 ÷ 7.8 = 0.69 ஓம். 5.4 × 7.8 = 42 வாட். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடப் பெரிய ஒன்று, தினமும் காலையில் முக்கால் மணி நேரம், மர சீலிங்கை ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சூடாகிக்கொண்டிருந்தது.

சப்ளையை அணைத்துப் பெட்டியைத் திறந்தோம். போர்டிலிருந்து வரும் வயரையும் குளியலறைக்குப் போகும் வயரையும் கையால் நாலு முறுக்கு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் கருகி ஒட்டியிருந்தது. செம்பு கறுத்து, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. மலையின் ஈரம் பல வருடங்களாக வேலை செய்திருக்கிறது. ஓம் நிலையில் அந்த இணைப்பை அளந்து பார்க்கலாமே என்று மாணவர் கேட்டார். அளந்தோம். எண் 0.5க்கும் 0.9க்கும் இடையே நிற்காமல் ஆடியது, அதிலும் 0.3 ஓம் மல்டிமீட்டரின் சொந்த வயர்களுடையது. ஒரு ஓமுக்குக் கீழே உள்ள தடையை சாதாரண மல்டிமீட்டரின் ஓம் நிலையில் நம்ப முடியாது. மீட்டர் அனுப்பும் துளி மின்னோட்டத்தில், ஆறிக் கிடக்கும் இணைப்பு, தன் உண்மையான நிலையைக் காட்டாது. உண்மையான சுமையை ஓட்டி வோல்ட்டை எடுத்து ஆம்பியரால் வகுப்பதுதான் உறுதியான வழி.

சாக்கெட்டில் 226 வோல்ட் காட்டியவரின் அளவும் இதே காரணத்தால்தான் பயன்படாமல் போனது. சுமை இல்லாதபோது மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லையென்றால் எவ்வளவு கெட்ட இணைப்பிலும் வோல்ட் இறங்காது. 226 வோல்ட் என்பது பொய்யல்ல, ஆனால் அது லைன் அறுந்துபோகவில்லை என்பதை மட்டும் சொல்கிறது.

எம்சிபி ஏன் விழவில்லை

வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இது: "அப்படி ஆபத்துன்னா எம்சிபி விழுந்திருக்கணுமே?"

எம்சிபி பார்ப்பது மின்னோட்டம் கூடுகிறதா என்பதை. கெட்ட இணைப்பு மின்னோட்டத்தைக் குறைக்கிறது. 8.7 போக வேண்டிய இடத்தில் 7.8 போகும்போது 16 ஆம்பியர் எம்சிபிக்கு எல்லாம் சுகம். மின்சாரம் பூமிக்குக் கசியவும் இல்லை, ஆகவே அப்படிக் கசிந்தால் லைனை அணைக்கும் ஆர்சிசிபி இருந்திருந்தாலும் அதுவும் பேசாமல்தான் இருந்திருக்கும். தன் போக்கில் எதுவும் அணையாது.

இன்னும் கவலை தருவது, இது நின்ற இடத்தில் நிற்காது என்பது. சூடானால் செம்பு மேலும் ஆக்சிஜனேறும், தடை கூடும், அதனால் மேலும் சூடாகும். அந்த இணைப்பு 0.69 ஓமிலிருந்து 2 ஓம் ஆனால் என்ன நடக்கும் என்று அவர் எதிரிலேயே தாளில் போட்டோம். மொத்த வளையத்தின் தடை 30.3 ஓம், மின்னோட்டம் 7.5 ஆம்பியர். 7.8க்கும் 7.5க்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் யாரும் உணர மாட்டார்கள். ஆனால் அந்த இணைப்பில் வெளிப்படும் சூடு 42 வாட்டிலிருந்து 110 வாட்டைத் தாண்டிவிடும். கீசர் எப்போதும்போல ஓடிக்கொண்டிருக்கும்போதே சீலிங் பற்றிக்கொள்ளும் வழி இதுதான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அந்த எம்சிபியை அன்றே அணைத்து, டேப் ஒட்டி, யாரும் போட வேண்டாம் என்று எழுதி வைத்தது. முதியவருக்கு சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது என்றார்கள். அதை லேசாகத் தள்ள முடியாது. அந்தக் குளிரில் அது தேவைதான். புது லைன் இழுக்கும் வரை கேஸ் அடுப்பில் காய்ச்சிக்கொள்ளச் சொன்னோம். இம்மர்ஷன் ஹீட்டரை வேறு அறை சாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றோம். அந்த அறைகளின் வயரும் அதே காலத்தது, அளந்து பார்க்காதது.

இரண்டாவது, 3000 வாட் கீசரைத் திருப்பிக் கொடுப்பது. வாங்கிய பொருளை வேண்டாம் என்று சொல்ல வைப்பது கடினம். கணக்கைக் காட்டித்தான் சொன்னோம். 3000 வாட் காயிலின் தடை 17.6 ஓம். பழைய லைனில் அதை மாட்டியிருந்தால் 11.2 ஆம்பியர் ஓடும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் ஜங்ஷன் பெட்டியில் 86 வாட், பிளக்கில் 40 வாட். 16 ஆம்பியர் எம்சிபி அப்போதும் விழாது. தண்ணீர் சீக்கிரம் சூடாகியிருக்கும் என்பது உண்மை, காயிலுக்கு 2200 வாட் கிடைத்திருக்கும். வீட்டில் எல்லோரும் பழுது சரியாகிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். என்னை இந்த நிகழ்வில் உலுக்கியது இந்த இடம்தான்.

ஸ்டெபிலைசரும் அதே பாதை. போர்டில் 240 வோல்ட்டாக ஏற்றிவிட்டால் மின்னோட்டம் 8.4 ஆம்பியர், இணைப்பில் 49 வாட்.

மூன்றாவது, ஜங்ஷன் பெட்டியை மட்டும் சரிசெய்வதா, லைனையே மாற்றுவதா என்பது. செலவைப் பார்த்து இணைப்பை மட்டும் மாற்றச் சொன்னார்கள். அந்த ஒரு இணைப்பை மாற்றினால் 42 வாட் சூடு போயிருக்கும். விளக்கு வயரில் எட்டு ஆம்பியர் ஓடுவதும், 16 ஆம்பியர் எம்சிபி அதைக் காக்க முடியாததும் அப்படியே இருந்திருக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து நேராக, நடுவில் ஒரு இணைப்புகூட இல்லாமல், 4 ஸ்கொயர் செம்பு வயரில் புது லைன், எர்த்தோடு. குளியலறை என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் சேர்த்தோம். புது சாக்கெட், புது பிளக். பழைய லைன் திரும்பவும் விளக்குக்கு மட்டும், 6 ஆம்பியர் எம்சிபியில், ஜங்ஷன் பெட்டியில் முறுக்குக்குப் பதில் திருகுக் கனெக்டரோடு.

பிறகு நடந்தது

வேலை முடிந்த மறுநாள் காலை அதே நேரத்தில் அதே அளவுகள். போர்டில் ஓடும்போது 223 வோல்ட், கீசர் முனையில் 220, மின்னோட்டம் 8.3 ஆம்பியர். கீசருக்கு 1826 வாட். வழியில் போவது 132க்குப் பதில் 25 வாட், அதுவும் 60 மீட்டர் வயரில் பரவி. மீட்டர் துடிப்பு நிமிடத்துக்கு 99.

ஆனால் வீட்டம்மாவின் முதல் குறை முழுதாகத் தீரவில்லை. தொட்டித் தண்ணீர் 14 டிகிரியில் இருந்தது. 25 லிட்டரை 55 டிகிரிக்குக் கொண்டுபோக 4290 கிலோஜூல் வேண்டும். 1607 வாட்டில் அது 44 நிமிடம், 1826 வாட்டில் 39. தகட்டில் உள்ளபடி முழு 2000 வாட் கிடைத்தாலும் 36. ஐந்து நிமிடம்தான் மிச்சம். "முன்னாடி இப்படி இல்லை" என்று அவர் சொன்னதில் பெரும்பங்கு டிசம்பர் குளிர்தான். இதை மறைக்காமல் சொன்னோம். எழுந்தவுடன் கீசரைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பது என்று அவர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். மின்கட்டணத்திலும் பெரிய வித்தியாசம் வராது. தினம் முக்கால் மணி நேரத்துக்கு 100 வாட் மிச்சமானால் வருடத்துக்கு முப்பது யூனிட்டுக்குக் கீழே.

கடையில் பெட்டி பிரிக்காத கீசரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொகை புது லைன் செலவின் ஒரு பகுதிக்கு உதவியது.

அடுத்த முறை மாறுவது

இப்போது கீசரோ இண்டக்‌ஷன் அடுப்போ மாட்டப் போகும் எந்த வீட்டிலும், மாட்டும் முன் நாலு எண்களை எடுக்கிறோம்: சுமை இல்லாமல் போர்டில் வோல்ட், சுமையோடு போர்டில் வோல்ட், சுமையோடு கடைசி முனையில் வோல்ட், ஆம்பியர். புது இடமானால் ஒரு 2000 வாட் ஹீட்டரைச் சோதனைச் சுமையாகக் கொண்டுபோகிறோம். போர்டுக்கும் முனைக்கும் இடையே ஏழு வோல்ட்டுக்கு மேல் இறங்கினால், காரணம் தெரியும் வரை மாட்டுவதில்லை. இது நாங்களே வைத்துக்கொண்ட வரம்பு, 230இல் மூன்று சதவீதம்.

எண்களைத் தேதியோடு ஸ்டிக்கரில் எழுதி போர்டு கதவின் உட்புறம் ஒட்டுகிறோம். இந்த வீட்டில் கீசர் மாட்டிய அன்று யாராவது அப்படி எழுதி வைத்திருந்தால், இணைப்பு கெட ஆரம்பித்ததை அடுத்து வந்தவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

வாசனை பற்றிய கேள்வியை முதலில் கேட்கிறோம். பெரும்பாலானவர்கள் தாமாகச் சொல்வதில்லை, சமையல் வாசனை என்று விட்டுவிடுகிறார்கள்.

திருகு முனைகளை ஒரு மாதம் கழித்து மறுபடி இறுக்குவதும் இப்போது வேலையின் பகுதி. இந்த வீட்டுக்கு அதற்காக ஜனவரியில் போனபோது சாக்கெட்டின் நியூட்ரல் திருகு கால் சுற்று இறங்கியது. அளவு மாறவில்லை: 223, 220, 8.3. மற்ற அறைகளின் வயரையும் சுமை போட்டு அளந்து தரச் சொல்லியிருக்கிறார்கள், பள்ளி விடுமுறையில் அந்த வேலை.